தீவில் இன்னும் ஓர் இரவு தங்குங்கள்

அந்தமானுக்குக் குடும்பத்தோடு புறப்படவிருக்கும் எல்லோருக்கும்,



அரையாண்டு விடுமுறையில் போவதா, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் போவதா என்ற பேச்சு உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கும். இந்த முறை தாத்தா பாட்டியையும் அழைத்துப் போய்விடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டிராவல்ஸ்காரரும் வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் அனுப்பியிருப்பார். நான்கு இரவு, ஐந்து பகல். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பேயும், மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பாராடாங், நான்காம் நாள் ஹேவ்லாக், ஐந்தாம் நாள் அவசர அவசரமாகத் திரும்பி வந்து விமானம். இதற்கு முன்பணம் அனுப்பும் முன் இந்த மடலைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே தீவில், ஒரே விடுதியில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். காலையில் ஒரு சின்ன உலா, மதியம் முழுக்க ஓய்வு, மாலையில் கடற்கரை என்று பொழுதைக் கழியுங்கள். பாராடாங்கை அடியோடு விட்டுவிடுங்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியம். அதற்கான காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், டிக்கெட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷாஹீத் த்வீப் என்றும் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் பழைய பெயர்களே புழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் நம் கடிகாரம்தான் அங்கும். அதனால் நம் ஊரைவிட ஐம்பது நிமிடம் முன்னதாகவே அங்கே விடிகிறது, ஐம்பது நிமிடம் முன்னதாகவே இருட்டுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். மே மாதத்திலும் ஐந்தேமுக்காலுக்கு மேல் தாங்காது. விடுமுறைதானே என்று எட்டு மணிவரை தூங்கி, சாவகாசமாகச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கு வெளியே கிளம்பும் குடும்பங்கள் உச்சிவெயிலில் அலைந்துவிட்டு, நன்றாகப் பொழுதுபோகத் தொடங்கும் நேரத்தில் இருட்டைப் பார்த்துத் திகைத்து நிற்பதை ஹேவ்லாக்கில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து கடற்கரைக்குப் போங்கள். வயதானவர்களுக்கு அது பழகிய நேரம். பிள்ளைகளை முதல் நாள் மட்டும் எழுப்பிவிட்டால் போதும், மறுநாள் அவர்களே உங்களை எழுப்புவார்கள்.

சூரியனுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது கடல் ஏறி வற்றும் நேரம். கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஏறி முடிந்து வற்றி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இன்று எட்டு மணிக்கு வற்றியிருந்தால் நாளை எட்டு ஐம்பது வாக்கில் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். விடுதியில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்வார்கள். படகுக்காரர்களுக்கோ கேட்காமலே தெரியும். உங்கள் நாளை அந்த நேரத்தை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஹேவ்லாக்கில் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம் இருக்கின்றன. அங்கே கடல் வற்றினால் நெடுந்தூரத்துக்கு உள்வாங்கிவிடும். பாறையும் மணலும் பாசியும் தேங்கிய நீருமாகக் கிடக்கும். "கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லிச் சேற்றைக் காட்டுகிறார்களே" என்று வரவேற்பு மேசையில் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தமானில் அதைவிட நல்ல நேரம் கிடையாது. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பாறைமேல் ஏறாமல், மணல் தெரியும் இடமாகப் பார்த்து மெல்ல நடங்கள். தேங்கிய ஒவ்வொரு குட்டையிலும் ஒரு கூட்டம் வாழ்கிறது. விரல் நீள மீன்கள், கருப்பாகக் கிடக்கும் கடல் அட்டை, கல்லிடுக்கில் கைகளை நெளிக்கும் நட்சத்திர மீன். குனிந்து பாருங்கள், கையில் எடுக்காதீர்கள். கல்லைப் புரட்டினால் திரும்ப இருந்தபடியே வைத்துவிடுங்கள். அதன் அடிப்பக்கம் யாருடைய வீடோ.

கரையில் நடக்கும் சங்குகளைப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள். உள்ளே இருப்பது நண்டு. அதற்கு உடம்பின் பின்பாதியில் ஓடு கிடையாது. அதனால் இறந்த சங்குகள் விட்டுப்போன கூட்டில் புகுந்து வாழ்கிறது. வளர வளரப் பெரிய கூடு வேண்டும். நல்ல பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கினால் நண்டுகள் அளவுப்படி வரிசையில் வந்து நிற்பதுண்டு. பெரியது புதுச் சங்குக்குள் மாறியதும் அது விட்டதில் அடுத்தது, அதற்கடுத்ததில் அடுத்தது என்று நொடிகளில் குடி மாறிவிடும். கரையில் சங்கு பொறுக்கி வீட்டுக்கு எடுத்துவரும் பழக்கத்தை நிறுத்தச் சொல்ல இதைவிட எளிய பாடம் எனக்குத் தெரியவில்லை. சட்டமும் இருக்கிறது. பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்துக் கரை ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்துவரக் கூடாது. விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள். அங்கே நின்று பிள்ளை அழுவதைவிடக் கரையிலேயே சொல்லிப் புரியவைப்பது நல்லது.

இப்போது மதியத்துக்கு வருகிறேன். "இவ்வளவு காசு கொடுத்து வந்துவிட்டு அறையில் உட்கார்ந்திருப்பதா?" என்பதுதான் நம் குடும்பங்களை ஓட வைக்கும் கேள்வி. உட்காருங்கள் என்கிறேன். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயில் நேராக மண்டையில் இறங்கும். அந்த நேரத்தில் அறுபது வயதைத் தாண்டியவரைப் படகிலும் ஜெட்டி வரிசையிலும் நிறுத்துவது கொடுமை. தென்னைக்கும் கடற்கரை மரங்களுக்கும் நடுவே நாற்காலி போட்டுச் சாய்ந்திருக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் தாயமோ பல்லாங்குழியோ விளையாடட்டும். ஊரிலிருந்து சோழிகளைக் கொண்டுபோய்விடுங்கள். ஒரு முழு மதியம் அப்பா அலுவலகத் தொலைபேசியை எடுக்காமல், அம்மா அடுப்படிக்குள் போகாமல், தாத்தா தன் சின்ன வயசுக் கதையைப் பாதியில் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வாய்ப்பது நம் வீடுகளில் எத்தனை முறை? விடுதிக்குக் கொடுத்த காசு இதற்குத்தான். நான்கு இடம் கூடுதலாகப் பார்த்த படங்கள் கைப்பேசியில் தங்கும். அந்தக் கதை பேரப்பிள்ளையிடம் தங்கும்.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள். மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் தரைத்தள அறை கிடைக்குமா, குடிநீரைப் பாத்திரத்தில் நிரப்பித் தருவார்களா அல்லது நாளெல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்தானா, சமையலில் அன்று வந்த மீன் உண்டா என்று கேளுங்கள். நீச்சல் குளம் இருந்தால் அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. பவளம் பார்க்கப் போடும் கண்ணாடி முகமூடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு மதியத்தில் பிள்ளைகள் குளத்தில் பழகிவிட்டால், மறுநாள் கடலில் பயப்பட மாட்டார்கள். பயந்தவர்தான் கால் ஊன்ற இடம் தேடிப் பவளத்தின்மேல் ஏறி நிற்பார்.

அந்தப் பவளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்கக் கல்போல இருந்தாலும் அது லட்சக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். உங்கள் மகன் உயரத்துக்கு ஒன்று இருந்தால் அது உங்கள் பாட்டனுக்கும் மூத்தது. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. நிறத்தையும் உணவில் பெரும்பங்கையும் தருவது அந்தப் பாசிதான். கடல் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 1998-லும் 2010-லும் 2016-லும் அந்தமான் பவளங்கள் அப்படி வெளுத்தன. 2004 சுனாமியிலும் அடி வாங்கின. ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் கடற்கரையில் இன்று பிள்ளைகள் தண்ணீருக்கடியில் பார்ப்பது இத்தனைக்கும் தப்பிப் பிழைத்ததை. எனவே லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்தபடி பாருங்கள், கால் ஊன்றாதீர்கள். வெயிலுக்குக் களிம்பை அள்ளிப் பூசிக்கொள்வதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போடுவது நல்லது. களிம்புகளில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்குக் கேடு என்பதால்தான் பலாவு நாடும் ஹவாயும் அவற்றுக்குத் தடை போட்டன.

நீந்தத் தெரியாத பாட்டிக்கும் பவளம் உண்டு. போர்ட் பிளேருக்கு அருகே வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகிறது. 1983-ல் ஏற்படுத்திய மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் 15 தீவுகளில் அதுவும் ஒன்று. அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே கீழே மீன் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட அங்கே எடுத்துப் போக விடமாட்டார்கள். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்தத் தண்ணீர் அப்படி இருக்கிறது. ஆண்டு முழுதும் அந்தத் தீவு திறந்திருக்காது, மழைக்காலத்தில் ரெட் ஸ்கின் தீவுக்கு மாற்றிவிடுவார்கள். எது திறந்திருக்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் ராதாநகர். 2004-ல் டைம் இதழ் ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். அங்கே போகிறவர்கள் அநேகமாக நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறார்கள். கரையை ஒட்டி நிற்கும் மரங்களை ஒரு மணி நேரம் பாருங்கள் என்பேன். அடிமரத்தை நான்கு பேர் கைகோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத மரங்கள் அந்தக் காட்டில் உண்டு. அந்த நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ராஜன் கதையைச் சொல்லுங்கள். மரம் இழுப்பதற்காகப் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்த யானை அது. அப்படி வந்த யானைகள் கடலில் நீந்தப் பழகின. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்த பிறகு அவற்றின் வேலை குறைந்தது. ராஜன் ஹேவ்லாக்கிலேயே தங்கி, கடலில் நீந்தி, 2016-ல் முதுமையில் இறந்தது. அந்தக் காட்டையும் இந்தக் கடலையும் ஒரு யானை சேர்த்துத் தெரிந்துவைத்திருந்தது என்பது எனக்கு இப்போதும் வியப்பு. ராதாநகரில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2010-ல் அந்தப் பக்கம் முதலை தாக்கி ஒரு பயணி இறந்தார். உப்புநீர் முதலைகள் கடலிலும் நீந்தும். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்திலும் ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் இறங்க வேண்டாம். காவலர் விசில் அடித்தால் உடனே ஏறிவிடுங்கள்.

நீல் தீவு இன்னும் சின்னது, இன்னும் அமைதி. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் காய்கறித் தோட்டங்களும் வாழையும் பாக்குமாகக் கிடக்கும். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் தீவைச் சுற்றிவிடலாம். அதன் சுற்றுவட்டாரக் கடற்புல் வெளிகளில் மேய்வது அந்தமானின் மாநில விலங்கான கடற்பசு. நம் பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைப்பதும் இதைத்தான். தமிழ்நாடு 2022-ல் அதற்காக 448 சதுர கிலோமீட்டர் கடலைக் காப்பகமாக அறிவித்தது. நீங்கள் அதைக் காண வாய்ப்பு மிகக் குறைவு. அது அந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும், கையிலிருக்கும் காலி பாக்கெட்டைக் கடலில் வீசத் தயங்குவார்கள்.

இனி பாராடாங். அங்கே சுண்ணாம்புக் குகை இருக்கிறது, சேற்று எரிமலை இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் இருக்கிறது. நல்ல இடம்தான். ஆனால் சாலை வழியாகப் போனால் ஜரவா பழங்குடி மக்களின் காட்டைப் பிளந்துகொண்டு போக வேண்டும். ஜிர்கா டாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவல் வண்டியோடு சேர்த்து அனுப்புகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு உங்களை எழுப்புவது இந்த வரிசையில் இடம் பிடிக்கத்தான். ஜரவா மக்கள் சில நூறு பேர்தான். 1990-களின் இறுதிவரை வெளியாட்களை நெருங்க விடாமல் அந்தக் காட்டில் வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் வாழ்ந்தவர்கள். சாலை வந்து, நாம் வந்த பிறகு 1999-லும் 2006-லும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான காய்ச்சலும் இருமலும் அவர்களுக்குச் சாதாரணம் இல்லை. இந்தச் சாலையை மூட வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. 2012-ல் ஜரவாப் பெண்களை உணவுக்காக ஆடவைத்த காணொளி வெளியாகி உலகமே பதறியது.

வண்டியில் ஏறும் நம்மில் எத்தனை பேர் குகையைப் பார்க்கப் போகிறோம்? "வழியில் ஆதிவாசிகள் தெரிவார்களாம்" என்ற ஆவல் எத்தனை பேருக்கு? சில ஓட்டுநர்களே அதை ரகசியமாகச் சொல்லி ஆசை காட்டுகிறார்கள். படம் எடுப்பதும் உணவு கொடுப்பதும் 1956-ம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போவது மட்டும் சரியாகிவிடுமா? ஒரு தாயும் குழந்தையும் தங்கள் வீட்டு வழியில் நடக்கிறார்கள். நாம் பத்து வண்டிகளில் மெதுவாகக் கடந்தபடி எட்டிப் பார்க்கிறோம். பக்கத்தில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. மனிதரை இப்படிப் பார்க்கலாம் என்று அன்று அது கற்றுக்கொள்ளும். எந்தக் குகையும் அதற்கு ஈடாகாது. அலையாத்தியைப் பார்க்க வேண்டுமானால் ஹேவ்லாக்கிலேயே சிறு துடுப்புப் படகில் போகலாம். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அதே நீரில் துடுப்பு பட்ட இடமெல்லாம் நுண்ணுயிர்கள் நீலமாக ஒளிரும். பறவைகள் வேண்டுமானால் போர்ட் பிளேர் ஓரத்தில் சிப்பிகாட் சதுப்பு நிலம் இருக்கிறது. 2004 நிலநடுக்கத்தில் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல் புகுந்து உண்டான இடம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருப்பது பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே பிற்பாதியில் மழை தொடங்கிவிடும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே படகுகள் நின்றுவிடும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கரையில் மணற்கொசு கடிக்கும், கால் மறைக்கும் உடை தேவை. போர்ட் பிளேரின் அபெர்தீன் பஜாரில் தமிழ் கேட்கும், பெரியவர்களுக்கு மொழிக் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமானில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுகிறவர்கள்.

முன்பணம் அனுப்பும் முன் டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு, பாராடாங்கை எடுத்துவிட்டு அந்த இரவை ஹேவ்லாக்கிலோ நீலிலோ சேர்த்துத் தரச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கும் குடும்பங்கள் பெருகினால் அவர் அடுத்தவருக்கு அனுப்பும் திட்டத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே அந்தக் கரைக்குப் போய்வந்த ஒருவர்